கூண்டில் வடையும் இல்லை, எலியும் இல்லை

கேள்வி: திருநெல்வேலி டவுனில் ஒரு வளவில் வாடகைக்கு இருக்கிறோம். மொத்தம் எட்டு வீடு, எங்களுடையது நான்காவது. போன புரட்டாசியில் ஆரம்பித்த எலித் தொல்லை ஆறு மாதமாகியும் ஓயவில்லை. அரிசிச் சிப்பத்தில் ஓட்டை, கருப்பட்டிப் பெட்டியில் கொறிப்பு, பூஜை அலமாரியில் விளக்குத் திரியைக்கூட விடுவதில்லை. கம்பிக் கூண்டு வைத்தால் காலையில் வடை இருக்காது, எலியும் இருக்காது. எப்போதாவது ஒன்று மாட்டும். சத்தம் எழுப்பும் மிஷின் ஒன்றை ஆன்லைனில் வாங்கி மாட்டினோம், பயனில்லை. கடைசியில் என் கணவர் விஷக்கட்டி வாங்கி வைத்தார். எங்கோ செத்து ஒரு வாரம் வீடே நாறியது. இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால் எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டுக்கார அண்ணாச்சியிடம் சொன்னால், "சுத்தமா வச்சிருந்தா எலி ஏன்மா வருது?" என்கிறார். தப்பு எங்கள் மீதுதானா? பேசாமல் வீட்டைக் காலி செய்துவிடலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் வீட்டில் மிச்சமிருக்கும் விஷக்கட்டிகளை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். எத்தனை வைத்தார், எங்கெங்கே வைத்தார் என்று கணவரிடம் கேட்டு எண்ணி எடுங்கள். கையில் ஒரு பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டால் போதும். எண்ணிக்கை குறைந்தால் விடாதீர்கள். எலி கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போய் மறைவில் வைப்பதுண்டு. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், குழந்தையின் பொம்மைக் கூடைக்குள் எல்லாம் தேடிப் பாருங்கள்.

கடைகளில் எலிக்கட்டி என்று விற்பது பெரும்பாலும் புரோமாடியோலோன் கலந்தது. அது ரத்தம் உறையவிடாமல் செய்கிற மருந்து. தின்ற எலி அன்றைக்கே சாகாது. மூன்று, நான்கு நாள் நடமாடிவிட்டு, சுவர்ப் பொந்திலோ பரண் மூலையிலோ போய்ச் சாகும். உங்கள் வீடு நாறியதற்குக் காரணம் அதுதான். குழந்தை விஷயத்திலும் இதே தாமதம்தான் ஆபத்து. ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாலும் அன்று சிரித்து விளையாடிக்கொண்டுதான் இருக்கும். ஓரிரு நாள் கழித்து ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசியும்போதுதான் நமக்குத் தெரியும். அதனால் லேசான சந்தேகம் வந்தாலும் காத்திருக்க வேண்டாம். மருந்தின் உறையையும் கையில் எடுத்துக்கொண்டு ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள். இதற்கு வைட்டமின் கே மாற்று மருந்தாக இருக்கிறது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வேலையை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

கறுப்புப் பொடியாக வரும் ஜிங்க் பாஸ்பைடு இதைவிட மோசம். வயிற்றில் இருக்கும் அமிலம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறும். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பேஸ்ட்டின் விற்பனைக்குத் தமிழ்நாடு அரசே தடை போட்டிருக்கிறது. பழைய டியூப் எதுவும் அலமாரியில் கிடந்தால் அதையும் அப்புறப்படுத்துங்கள். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டுக்குள் வைத்த எலி மருந்தால் இரண்டு பிள்ளைகள் இறந்துபோனார்கள். வைத்தவர்கள் என்னைப் போலவே எலி, பூச்சி ஒழிக்கும் தொழிலைச் செய்கிறவர்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலைக்குப் போக மனசே வரவில்லை. படுக்கிற அறையில் பொடியோ மாத்திரையோ வைக்கிறேன் என்று யார் வந்தாலும், எவ்வளவு பெரிய பெயர் அச்சிட்ட சட்டை போட்டிருந்தாலும், வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

இன்னும் ஒரே ஒரு அவசரம். கேஸ் அடுப்பின் டியூபைக் கையால் தடவிப் பாருங்கள். பழைய ரப்பர் டியூபாக இருந்தால் எலி கடித்துவிடும். உள்ளே கம்பி பின்னிய ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபாக மாற்றிக்கொள்ளுங்கள். அதையும் 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பிரிட்ஜுக்குப் பின்னால் வயரில் பல் பட்ட தடம் தெரிந்தால் எலக்ட்ரீசியன் வந்து பார்க்கும் வரை பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

தப்பு உங்களுடையது இல்லை. இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. ஒரு சுண்டெலி ஒரு நாளைக்குத் தின்பது சுமார் 3 கிராம். ஒரு தேக்கரண்டி அரிசிகூட அதைவிட எடை கூடுதல். தண்ணீரும் அதற்குத் தனியாகத் தேவைப்படாது, தின்கிற தீனியில் இருக்கும் ஈரமே போதும். இரண்டு வயதுப் பிள்ளை சாப்பிடுகிற வீட்டில் அந்த 3 கிராம் எங்காவது ஒரு மூலையில் சிந்தித்தான் கிடக்கும். எத்தனை தடவை துடைத்தாலும் சுண்டெலியைப் பட்டினி போட்டு விரட்ட முடியாது. எத்தனையோ பெண்கள் என்னிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேச ஆரம்பிப்பார்கள், எலி இருப்பது ஏதோ தங்கள் வீட்டு மானம் போன விஷயம் மாதிரி. பளிங்கு மாதிரித் தேய்த்து வைத்த அடுக்களையிலும் சுண்டெலி பிடித்திருக்கிறேன்.

புரட்டாசியில் ஆரம்பித்தது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, காரணத்தில் பாதி அதிலேயே இருக்கிறது. கார் நெல் அறுவடையாகும் நேரம் அது. வயலில் தீனி முடியும். அடுத்து ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வளைக்குள் தண்ணீர் இறங்கும். எலி மேட்டையும் கூரையையும் தேடி வரும். டவுனைச் சுற்றி நயினார்குளத்துப் பாசனம், பேட்டைப் பக்கத்து வயல் என்று எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அடுத்த போகமான பிசான நெல் அறுவடை முடிகிற மாசி, பங்குனியிலும் எனக்கு இதேபோல் அழைப்பு கூடும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் வண்ணாரப்பேட்டை, மீனாட்சிபுரம் பக்கம் மாதக்கணக்கில் ஓய்வில்லாமல் அலைந்தேன். எலி உங்களைத் தேடி வரவில்லை, ஒதுங்க இடம் தேடி வந்தது. அதற்கு வழி திறந்திருந்தது. அந்த வழியைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

அதற்கு முன் வந்திருப்பது எந்த எலி என்று உறுதிப்படுத்திக்கொள்வோம். புழுக்கையைப் பாருங்கள். அரிசி மணியை விடச் சிறியதாக, முனை கூர்ந்து இருந்தால் சுண்டெலி. அரை அங்குலம், அதற்கு மேல் நீளம் என்றால் வீட்டெலி. மண்ணைக் கூடை கூடையாகத் தள்ளி, புறவாசலில் குழி பறித்திருந்தால் பெருச்சாளி. நீண்ட மூக்கோடு 'கீச் கீச்' என்று கத்திக்கொண்டு சுவரோரம் ஓடுகிற மூஞ்சூறு எலி இனமே கிடையாது. கரப்பானையும் பூச்சியையும் தின்கிற பிராணி. உங்கள் அரிசிக்கு அது வராது, அதை விட்டுவிடுங்கள்.

உங்கள் வீட்டில் இருப்பது சுண்டெலி என்று எனக்குப் பார்க்காமலே தெரிகிறது. உங்கள் கூண்டுதான் அதைச் சொல்கிறது. ரத வீதிக் கடைகளில் தொங்கும் கம்பிக் கூண்டுகளில் பெரும்பாலானவை வீட்டெலிக்குச் செய்தவை. கம்பிக்குக் கம்பி ஒரு சுண்டுவிரல் போகும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். ஒரு பென்சில் நுழையும் ஓட்டையில் அதுவும் நுழைந்துவிடும், மண்டையோடு போனால் உடம்பு பின்னாலேயே போய்விடும். கதவு விழுந்தாலும் அது நிதானமாக வடையைத் தின்றுவிட்டுக் கம்பி வழியே வெளியே போய்விடுகிறது. எப்போதாவது மாட்டுகிறது என்றீர்கள், அது நன்றாகத் தின்று கொழுத்த எலியாகவோ சினை எலியாகவோ இருந்திருக்கும். ஆறு மாதமாக நீங்கள் அதற்கு வடை போட்டு வளர்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், எந்த எலி என்று.

திரி காணாமல் போவதைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி. எலி பஞ்சை இழுத்துக்கொண்டு போவது கூடு கட்டத்தான். தாய் எலி ஒன்று உங்கள் வீட்டிலோ பக்கத்துச் சுவரிலோ குடியிருக்கிறது. சினைக்காலம் மூன்றே வாரம். ஒரு ஈற்றுக்கு ஐந்து, ஆறு குட்டி. குட்டி போட்ட மறுநாளே மறுபடி சினைப்படவும் செய்யும். அந்தக் குட்டிகள் ஆறு வாரத்தில் தாங்களும் குட்டி போடத் தயாராகிவிடும். மாதம் ஒன்று, இரண்டு என்று பிடித்துக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கை எட்டிப் பிடிக்கவே முடியாது. (எரிகிற திரியையும் இழுத்துக்கொண்டு போய்விடும். எலி ஒழியும் வரை விளக்கைக் குளிரவைத்துவிட்டுப் படுங்கள்.)

அதே சமயம் பயந்துவிடவும் வேண்டாம். ஒரே ஒரு சுண்டெலி ஒரு நாளைக்கு ஐம்பதுக்கு மேல் புழுக்கை போடும். மேடை நிறையப் புழுக்கை கிடப்பதைப் பார்த்துவிட்டு நூறு எலி இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது வளவுக்கு வருவோம். ஒரு சுண்டெலி கூட்டிலிருந்து பத்து மீட்டருக்கு மேல் தாண்டிப் போவது அபூர்வம். பல சமயம் மூன்று, நான்கு மீட்டருக்குள்ளேயே அதன் உலகம் முடிந்துவிடும். தனி வீடு என்றால் இது நல்ல செய்தி, கூடு பக்கத்தில்தான் இருக்கிறது என்று தேடலாம். வளவில் வீட்டின் அகலமே பத்து, பன்னிரண்டு அடிதான். சுவர் பொதுச் சுவர், உத்திரம் வீட்டுக்கு வீடு நீண்டு ஓடும், அங்கணத்தில், அதாவது பாத்திரம் கழுவுகிற இடத்தில், ஊற்றும் தண்ணீர் எல்லாம் ஒரே வாறுகாலில் (சாக்கடையில்) விழும். நான்காம் வீட்டு எலி என்று நீங்கள் நினைப்பது மூன்றாம் வீட்டில் தூங்கி, உங்கள் வீட்டில் சாப்பிட்டு, ஐந்தாம் வீட்டில் குட்டி போட்டிருக்கலாம். ஒரு வீடு மட்டும் பொறி வைப்பதால் வளவில் எலி ஒழிந்து நான் பார்த்ததில்லை.

சில வருஷங்களுக்கு முன் இதே டவுனில் ஏழு வீட்டு வளவு ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள். ஆள் இருந்த ஆறு வீட்டிலும் தனித்தனியாகப் பொறி வைத்து, விஷக்கட்டி வைத்து, கடைசியில் ஒருவரை ஒருவர் குறை சொல்லிப் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது. நான் இரவு ஒவ்வொரு வீட்டிலும் சுவரோரமாக முகப் பவுடரை மெல்லிசாகத் தூவச் சொன்னேன். கோலமாவு வேண்டாம், அரிசி மாவாக இருந்தால் தின்றுவிடும். விடிந்ததும் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். குண்டூசித் தலை மாதிரி கால் தடம், நடுவில் வாலை இழுத்த கோடு. அந்தத் தடம் எல்லா வீட்டிலும் ஒரே இடத்துக்குத்தான் போனது, அங்கணத்து மூலைக்கு. அங்கே கழிவுக் குழாய் சுவருக்குள் போகிற இடத்தில், குழாயைச் சுற்றி விரல் அகலத்துக்குக் காரை உதிர்ந்திருந்தது. அதன் விளிம்பு கறுப்பாக மினுமினுத்தது. எலி போக வர அதன் உடம்பு எண்ணெய்ப் பசை படிந்து படிந்து வருகிற கறை அது. விரலால் தொட்டால் மெழுகு மாதிரி இருந்தது. வளவின் கடைசி வீடு பூட்டியே கிடந்தது. உள்ளே உரிமையாளர் இரண்டு மூட்டை நெல்லைப் போட்டுவிட்டு மறந்திருந்தார். ஆறு வீட்டுக்காரர்களும் சண்டை போட்டுக்கொண்டிருந்தது அந்த இரண்டு மூட்டைக்காக.

உங்கள் வளவிலும் எட்டு வீட்டில் பூட்டிக் கிடப்பது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பவுடர் வேலையை நீங்களே ஒரு ராத்திரி செய்யலாம். குழந்தை காலையில் எழுந்திருப்பதற்கு முன் பார்த்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

வழி தெரிந்ததும் அடைப்பது எளிது. கையில் ஒரு பென்சிலோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். பென்சில் நுழைகிற இடமெல்லாம் அடைக்க வேண்டிய இடம். அங்கணக் குழாய், சமையல் மேடைக்கு அடியில் வரும் தண்ணீர்க் குழாய், மீட்டர் பெட்டியிலிருந்து வரும் வயர்க் குழாய், ஏசி குழாய்க்குப் போட்ட துளை, ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் விட்ட பிளவு. ஓட்டு வீடாக இருந்தால் ஏணி போட்டு ஏறிச் சுவர்த்தலையைப் பாருங்கள். வீட்டுக்கு வீடு நடுச்சுவர் ஓடு வரைக்கும் எழும்பாமல் அரை அடி குறைவாக நிற்பது பழைய வளவுகளில் சகஜம். அப்படி இருந்தால் எட்டு வீட்டுக்கும் மேலே ஒரே நடைபாதை என்று அர்த்தம். வாசல் கதவை மறந்துவிடாதீர்கள். ஐம்பது, அறுபது வருஷம் கால் பட்டு நிலைப்படி நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும். கதவைச் சாத்தினாலும் அங்கே பிறை நிலா மாதிரி ஒரு சந்து தெரியும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு வெளியிலிருந்து ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லி உள்ளே நின்று பாருங்கள், நன்றாகத் தெரியும்.

அடைக்கிறேன் என்று பழந்துணியையும் காகிதத்தையும் திணிக்காதீர்கள், கூட்டுக்குப் பொருள் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தெர்மோகோல், பஞ்சு நுரை, மரக்கட்டை, பிளாஸ்டிக் எதுவும் அதன் பல்லுக்குத் தாங்காது. அந்தப் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும். பாத்திரம் தேய்க்கிற எவர்சில்வர் கம்பிச் சுருளை ஓட்டையில் இறுக்கித் திணித்து, அதன் மேல் சிமெண்ட் பூசுங்கள். சுருளின் கம்பி சிமெண்டோடு சேர்ந்து பிடித்துக்கொள்ளும். கை நுழையும் அளவு பெரிய இடத்துக்குக் கால் அங்குலக் கண் உள்ள இரும்பு வலையை வெட்டி அடித்துப் பூசலாம். அங்கணத் துளைக்கு அதே வலையில் ஒரு மூடி போட்டால் தண்ணீர் போகும், எலி வராது. கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை மட்டும் அடித்தால் ஒரு வாரத்தில் கடித்துவிடும். அலுமினியத் தகட்டை வெளிப்பக்கமாக வைத்து அடியுங்கள்.

அடைத்த அன்றைக்கே பொறியும் வைக்க வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்ட எலி பசியோடு அலையும் முதல் இரண்டு, மூன்று ராத்திரிதான் நல்ல நேரம். கூண்டைத் தூக்கிப் போடுங்கள். பலகையில் ஸ்பிரிங் வைத்த சின்ன அடிப்பொறி வாங்குங்கள், சுண்டெலிக்கென்று உள்ளங்கை நீளத்தில் வரும். ஒரு வீட்டுக்கு எட்டு, பத்து வேண்டும். அதிகம் என்று நினைக்காதீர்கள். சுண்டெலி ஒரே இடத்தில் உட்கார்ந்து வயிறு நிரப்பாது, ஒரு ராத்திரிக்கு இருபது இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் கடித்துப் பார்க்கும். புதுப் பொருளைக் கண்டால் வீட்டெலி நாள் கணக்கில் ஒதுங்கிப் போகும். சுண்டெலி கிட்ட வந்து மோந்து பார்க்கும். அது நமக்கு உதவி.

எலி சுவரை உரசிக்கொண்டுதான் ஓடும். அதனால் பொறியை அறை நடுவில் வைக்க வேண்டாம். சுவருக்குச் செங்குத்தாக, தீனி வைக்கிற முனை சுவரைத் தொடுகிற மாதிரி, இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாக வையுங்கள். பிரிட்ஜுக்குப் பின்னால், சிலிண்டருக்குப் பக்கத்தில், அங்கணத்து மூலையில், பரணில். தீனி ஒரு பட்டாணி அளவு போதும். முழு வடையை வைத்தால் ஓரத்தைக் கடித்துவிட்டுப் போய்விடும். சுட்ட தேங்காய்ச் சில்லு, வறுத்த நிலக்கடலை, ஒரு துணுக்குக் கருவாடு எதுவானாலும் நூலால் கட்டிவிடுங்கள், இழுத்தால்தான் வரவேண்டும். உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது வேறு. பாதிப் பொறியில் தேங்காய் எண்ணெயில் லேசாகத் தொட்ட விளக்குத் திரியைக் கட்டி வையுங்கள். அந்தத் தாய் எலிக்குத் தீனியை விட அதுதான் இப்போது தேவை. அது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

குழந்தையின் விரல் பட்டுவிடக் கூடாது. செருப்பு டப்பாவின் இரண்டு பக்கமும் ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சற்றுப் பெரிய துளை வெட்டி, பொறியை உள்ளே வைத்து, டப்பாவை டேப் ஒட்டி மூடி, மேலே ஒரு செங்கல் வையுங்கள். அப்படியும் பகலில் எடுத்துப் பரண் மேல் வைத்துவிடுங்கள்.

ஒட்டுப் பசை அட்டையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது சொல்வார்கள். அதில் மாட்டிய எலி மணிக்கணக்கில் உயிரோடு துடிக்கும், தோல் பிய்யும். இந்திய விலங்குகள் நல வாரியம் அதை அனுமதிக்க வேண்டாம் என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. எலியை ஒழிக்கிற வேலை செய்கிறவன்தான் சொல்கிறேன், அது செய்யக் கூடாத காரியம். பல்லியும் அணில் குஞ்சும் அதில் ஒட்டிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். சத்தம் எழுப்பும் மிஷினைக் கழற்றி வைத்துவிடுங்கள். அந்த ஒலி சுவரையும் பீரோவையும் தாண்டிப் போகாது, எலிக்கும் சில நாளில் பழகிவிடும். அமெரிக்காவில் 2001-லேயே வணிக ஆணையம் இந்த மிஷின் விற்கிற நிறுவனங்களை எச்சரித்திருக்கிறது. அந்துருண்டையும் வேண்டாம், குழந்தை மிட்டாய் என்று எடுத்துவிடும்.

பொருள்களில் உங்கள் கவனம் சிப்பத்துக்கும் ஓலைப் பெட்டிக்கும் போனால் போதும். அரிசியைத் தகர டின்னிலோ எவர்சில்வர் டிரம்மிலோ கொட்டுங்கள். உளுந்து, பயறு, கூழ்வத்தல், மோர் மிளகாய் எல்லாம் மூடி இறுகும் டப்பாவுக்குப் போகட்டும். கருப்பட்டியை ஓலைக் கொட்டானோடு அப்படியே ஒரு டின்னுக்குள் இறக்கிவிடலாம், மணமும் போகாது. உறியில் தொங்கவிட்டால் வராது என்று நினைக்காதீர்கள், சுண்டெலி கயிற்றில் நன்றாக ஏறும். பரணில் கொலுப் பொம்மைப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். வைக்கோலும் காகிதமும் சுற்றிய அந்தப் பெட்டியில் வருஷத்துக்கு ஒருமுறைதான் கை வைக்கிறோம். கூடு பார்த்த வீடுகளில் பல தடவை அங்கேதான் பார்த்திருக்கிறேன்.

புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், தூசி மூக்குக்குள் போகும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேஜைக்கரண்டி பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளித்து, பத்து நிமிஷம் ஊறவிட்டு, கையுறையோடு பழந்துணியால் வழித்தெடுத்துக் கட்டிப் போடுங்கள். அந்தத் தண்ணீரில் கக்கூஸ் கழுவுகிற ஆசிட் எதையும் கலந்துவிடக் கூடாது. வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், டாக்டரிடம் வீட்டில் எலி இருக்கிறது என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். எலிக்காய்ச்சலுக்கு நல்ல மருந்து இருக்கிறது, ஆரம்பத்திலேயே கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கார அண்ணாச்சி விஷயம். "எலி வருது அண்ணாச்சி" என்று போனால் அவர் சுத்தத்தைப் பற்றித்தான் பேசுவார். பவுடர் தடத்தையும் குழாய் ஓட்டையையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். "அங்கணத்துக் குழாயைச் சுற்றிக் காரை பேர்ந்திருக்கு, நடுச்சுவர் மேலே திறந்து கிடக்கு, ஒரு கொத்தனாரை அரை நாள் விடுங்க" என்று கேளுங்கள். எலியைப் பற்றிய பேச்சு சுவரைப் பற்றிய பேச்சாக மாறிவிடும். 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் கட்டட அமைப்பு சார்ந்த பழுது, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பாகத்தான் இருக்கிறது. சாக்கடை அடைப்பு எடுப்பது, ஜன்னல் வலை மாற்றுவது போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஆனால் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஆரம்பிக்காதீர்கள். எலி உத்திரத்தையும் வயரையும் கடித்தால் நஷ்டம் அவருக்குத்தான். அதைப் பக்குவமாகச் சொன்னால் கேட்காத அண்ணாச்சிகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

தனியாகப் போகாதீர்கள். எட்டு வீட்டிலும் பேசி, மூன்று பேராவது சேர்ந்து போங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்து, காலையில் கொத்தனார் எல்லா வீட்டிலும் அடைக்கட்டும், அன்று இரவே எட்டு வீட்டிலும் பொறி விழட்டும். பூட்டிய வீடு இருந்தால் அதன் சாவியும் அன்றைக்கு வர வேண்டும். தொழில்முறை ஆளை வைக்கிறீர்கள் என்றால், மாதம் ஒருமுறை வந்து விஷக்கட்டி வைத்துவிட்டுப் போகிறவர் வேண்டாம். முதல் நாள் டார்ச்சோடு வந்து ஓட்டையைத் தேடுகிறவரைக் கூப்பிடுங்கள். என்ன மருந்து, எங்கே வைத்தார் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

காலி செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். அடைத்த நாளிலிருந்து மூன்று வாரம் கொடுங்கள். அதற்குள் பொறியில் விழுவது நின்று, ஒரு வாரம் தொடர்ந்து பவுடரில் தடம் இல்லாமல் இருந்தால் முடிந்தது. அப்புறமும் பிரிட்ஜுக்குப் பின்னால் இரண்டு பொறி மட்டும் அடுத்த கார் அறுவடை வரைக்கும் இருக்கட்டும். சுவரை அடைக்கவே மாட்டேன் என்று அண்ணாச்சி பிடிவாதமாக நின்றால், அப்போது தாராளமாக வேறு வீடு பாருங்கள். பார்க்கப் போகும்போது கைப்பையில் டார்ச் இருக்கட்டும். தார்சா, பட்டாசல் என்று முன்பக்கத்து அறைகளை அவர்கள் காட்டுவார்கள், நீங்கள் அங்கணத்துக் குழாயின் விளிம்பில் கறுப்புப் பசை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சாமான் போகிற அன்று அட்டைப் பெட்டிகளையும் கொலுப் பெட்டியையும் புது வீட்டுக்குள் கொண்டுபோகாமல், வெயிலில் வாசலிலேயே வைத்துப் பிரியுங்கள். அந்த எலி உங்களோடு வண்டி ஏறி வந்துவிடக் கூடாது.